சிறுநீரகத்தின் தலைப்பாகை

(திருமயத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களை அச்சில் தர இயலாததால் அந்த இடங்களில் மட்டும் சில வாக்கியங்கள் கூட்டப்பட்டுள்ளன.)



மேடைப் பேச்சால் பெயர் பெற்ற விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர் இது. இங்கே ஒலிபெருக்கி முன்னால் நிற்கும் எவனுக்கும் கொஞ்சம் கூச்சம் வரத்தான் செய்யும். எனக்குத் தொழிலே பேச்சில்லாத தொழில். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவன் நான். நீங்கள் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரும் உறைக்குள் ஒரு காகிதம் இருக்குமே, அதன் அடியில் கையெழுத்துப் போடுகிற ஆள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு முகம் உண்டு என்று பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியாது.

தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டார்கள். மாரடைப்பு, சர்க்கரை என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டதோ, இந்த மண்டபத்தில் பத்துப் பேர்கூடப் பெயர் கேட்டிராத ஓர் உறுப்பு. அட்ரினல் சுரப்பி. பாடப்புத்தகங்களில் அண்ணீரகம் என்றும் சிறுநீரக மேற்சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். வலப்புறச் சிறுநீரகத்தின் தலையில் ஒன்று, இடப்புறத்தின் தலையில் ஒன்று. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடை. அவ்வளவுதான். அது படுத்துக்கொண்டால் ஆளும் படுத்துக்கொள்வார். அதைத்தான் அட்ரினல் குறைபாடு என்கிறோம். அந்தக் குறைபாட்டில் ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த ஊரின் பழைய பெயர் திருமெய்யம். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. சத்தியகிரி என்று வடமொழியில் பெயர்த்தவர்கள் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது பொருள் மருத்துவர்களுக்கு மிச்சமாகக் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் தாலுகாவைச் சேர்ந்த ஒரு விவசாயி. நாற்பது வயதை ஒட்டி இருக்கும். ஊர் பெயர் சொல்லப்போவதில்லை, சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். கடலை போடுவார், கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். ஆறு மாதமாக அசதி. காலையில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தால் கண் இருட்டும். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டார். மனைவி சொன்னார்: "பழநிக்கு நடந்து போயிட்டு வந்ததுலேருந்து கருத்துட்டாக சார். வெயில்னு விட்டுட்டோம்." இன்னொன்றையும் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "ராத்திரியில எந்திரிச்சு ஊறுகாய்ப் பாட்டில எடுத்து நக்குறாக. கருவாட்டத் தண்ணியில அலசாம அப்படியே கேக்குறாக."

நாலு இடங்களில் பார்த்திருந்தார்கள். எல்லா இடத்திலும் இரண்டு பாட்டில் ஏற்றுவார்கள், இரண்டு நாள் தெம்பாக இருப்பார், மறுபடி படுக்கை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். இரைப்பையில் புண் என்றார் ஒருவர், மனசு சரியில்லை என்றார் இன்னொருவர். ஐந்தாவது இடத்தில் இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர், நோயாளியை வாயைத் திறக்கச் சொன்னார். ஈறில் திட்டுத் திட்டாகக் கருப்பு. உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ரேகைகள் மையால் வரைந்ததுபோல இருந்தன. ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கி 118, பொட்டாசியம் ஏறி 5.9. அட்ரினலில் சுரக்கும் கார்ட்டிசோலின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல், அதே கார்ட்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டு உப்புநீர் ஏற்றினார். மறுநாள் காலையில் அந்த மனிதர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

அந்த இரவில் ஸ்கேன் எடுக்கவே இல்லை. நான் அந்தக் கதைக்குள் வந்தது மூன்றாம் நாள்தான். ஒரு படமெடுக்கிற மருத்துவன் இதைச் சொல்வது கடைக்காரன் தன் சரக்கைக் குறைத்துச் சொல்வதுபோல இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அட்ரினல் வேலை செய்கிறதா இல்லையா என்பதை எந்தப் படமும் சொல்லாது. காலை எட்டு மணிக்கு எடுக்கும் ரத்தம் சொல்லும். அந்த நேரத்தில்தான் உடம்பில் கார்ட்டிசோல் உச்சத்தில் இருக்க வேண்டும். ஒரு டெசிலிட்டரில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சுரப்பி கைவிட்டுவிட்டது என்று பொருள். 15-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. இடையில் நின்றால் ஏ.சி.டி.எச். ஊசி போட்டுச் சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பார்ப்பார்கள். இத்தனையும் முடிந்து, குறைபாடு உண்டு என்று தெரிந்த பிறகு, ஏன் வந்தது என்று கேட்கிற இடத்தில்தான் படத்துக்கு வேலை.

கொஞ்சம் அந்தச் சுரப்பியைப் பார்த்துவிடுவோம். உங்கள் ஊரிலேயே அதற்கு ஓர் உவமை இருக்கிறது. ஒரே பாறை. ஒரு பக்கம் குடைந்து சத்தியகிரீஸ்வரர், இன்னொரு பக்கம் குடைந்து சத்தியமூர்த்திப் பெருமாள். வெளியூர்க்காரன் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மலைதான் தெரியும். உள்ளே இரண்டு கோயில், இரண்டு பூசை முறை. அட்ரினலும் அப்படித்தான். வெளிப்பகுதியும் உள்பகுதியும் கருவிலேயே வெவ்வேறு திசுக்களிலிருந்து கிளம்பி வந்து ஒரே உறைக்குள் குடியேறியவை. உள்பகுதி, பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அந்த அட்ரினலினைச் சுரக்கிறது. அது போனாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். வெளிப்பகுதிதான் உயிர். கார்ட்டிசோல் அங்கேதான் ஊறுகிறது. காய்ச்சலோ விபத்தோ வந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது அது. உடம்பின் உப்பைக் காக்கிற ஆல்டோஸ்டிரோனும் அங்கேதான். அது இல்லாததால்தான் அந்த விவசாயி ஊறுகாயைத் தேடினார். கேட்டது நாக்கு இல்லை, ரத்தம்.

கருப்புக்கும் காரணம் உண்டு. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அட்ரினலுக்கு மேலதிகாரி. கீழே இருப்பவன் செத்துப்போனது தெரியாமல் அது கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தல்தான் ஏ.சி.டி.எச். அதுவும், தோலைக் கருக்கவைக்கும் ரசாயனமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கத்தல் கூடக்கூட நிறமும் கூடும். வெள்ளைக்காரன் தோலில் இது தெருவில் போகிறவனுக்கே தெரியும். நம் தோலில் தெரியாது. ஆகவே ஈறைப் பார்க்க வேண்டும், கைரேகையைப் பார்க்க வேண்டும், விரல் முட்டிகளைப் பார்க்க வேண்டும். பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது. ரேஷன் கார்டுப் படம்கூட உதவியிருக்கிறது.

இந்தச் சுரப்பியை உலகம் மிகத் தாமதமாகத்தான் மதித்தது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாக்கி இதை விவரித்தார். என்ன பயன் என்று தெரியவில்லை. 1716-இல் பிரான்சின் போர்தோ நகரத்து அறிவியல் கழகம், இந்தச் சுரப்பியால் ஆவதென்ன என்று கேட்டுப் பரிசுப் போட்டியே அறிவித்தது. வந்த கட்டுரைகளைப் படித்து மதிப்பிட்டவர் மான்டெஸ்கியூ, அரசியல் தத்துவத்தில் பெயர் பெற்ற அதே மனிதர். பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளின் கதையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். சோர்வு, குமட்டல், வலுவிழந்த நாடி, கருத்த தோல். இறந்த பின் அறுத்துப் பார்த்தால் கெட்டுப்போன அட்ரினல். அவற்றில் பலவற்றைக் கெடுத்தது காசநோய். அடுத்த ஆண்டே பிரவுன்-செக்கார், விலங்குகளிலிருந்து இதை எடுத்துவிட்டால் அவை பிழைப்பதில்லை என்று காட்டினார். நோய்க்கு அடிசன் பெயரே நின்றது. பின்னாளில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் இதே நோய்தான். தேர்தல் காலத்தில் அதை மறைத்தார்கள்.

அடிசனுக்குச் சவப்பரிசோதனை மேசைதான் ஸ்கேன். உயிரோடு இருப்பவரின் அட்ரினலை எப்படிப் பார்ப்பது? எக்ஸ்ரே 1895-இல் வந்தது, ஆனால் மென்மையான இந்தச் சதைத் துணுக்கு அதில் தெரியாது. சுண்ணாம்பு படிந்திருந்தால் மட்டும் முதுகெலும்பின் இரு பக்கமும் மணல் தூவியதுபோலத் தெரியும். 1930-களில் சிறுநீரகத்தைச் சுற்றி ஊசியால் காற்றை ஏற்றி, காற்றின் பின்னணியில் நிழலைப் பிடித்தார்கள். பிறகு, சுரப்பியின் சிரைக்குள் நுண்குழாய் விட்டு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த மருந்தின் அழுத்தத்தில் சிலருக்குச் சுரப்பிக்குள்ளேயே ரத்தம் கசிந்து, நன்றாக இருந்த அட்ரினல் செத்துப்போனது. நோயைத் தேடப் போய் நோயைக் கொடுத்துவிட்டு வந்த பரிசோதனை! என் தொழிலின் வரலாற்றில் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்கிற பாடம் இது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதுதான் சி.டி. ஸ்கேன். 1979-இல் அவருக்கும் இயற்பியலாளர் கார்மாக்குக்கும் நோபல் பரிசு. அடுத்த சில ஆண்டுகளில் தலையிலிருந்து வயிற்றுக்குக் கருவி இறங்கியதும், அட்ரினலுக்கு விடிந்தது.

(இங்கே முதல் படம் திரையில் காட்டப்பட்டது.) இது நலமான ஒருவரின் படம். ரொட்டியைத் துண்டு போட்டாற்போல உடம்பைக் குறுக்கே வெட்டிக் கீழிருந்து பார்க்கிறோம். பெரிய சாம்பல் நிறம், கல்லீரல். அதன் பின்னால், கருத்த கொழுப்புக்குள், தலைகீழாகப் பிடித்த கவட்டைபோல ஒன்று தெரிகிறதா? பையன்கள் ஓணான் அடிக்க வைத்திருப்பார்களே, அதே கவட்டை. அதன் கை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் கனம்தான். சுற்றிக் கொழுப்பு இருப்பதால்தான் அது தனித்துத் தெரிகிறது. இளைத்து எலும்பும் தோலுமாக வருகிற நோயாளியிடம் அந்தக் கொழுப்பு இருக்காது. அட்ரினல் யாருக்குக் கெட்டிருக்கிறதோ அவருக்குத்தான் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இப்போது அந்த விவசாயியின் படம். கவட்டை இல்லை. இரண்டு பக்கமும் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் ஓரம் மட்டும் ஒளிர்கிறது, நடு இருண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் சதை செத்துவிட்டது. அங்கே ரத்தம் போகவில்லை, ஆகவே மருந்தும் போகவில்லை.

மேலைநாட்டுப் புத்தகம் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வருகிற இளைஞர் இந்த இடத்தில் தடுமாறுவார். அங்கே அடிசன் நோய் என்றால் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியை அரித்துத் தின்பது. அதில் அட்ரினல் சுருங்கி நூலாகிவிடும். சில படங்களில் தேடினாலும் கிடைக்காது. உங்கள் பாறை உவமையை மறுபடி எடுத்துக்கொண்டால், அந்த நோய் ஒரு கோயிலை மட்டும் இடித்துவிட்டு மற்றதை விட்டுவிடும். வெளிப்பகுதி போகும், உள்பகுதி நிற்கும். காசநோய்க்கு அந்தப் பாகுபாடு கிடையாது, பாறையையே தகர்த்துவிடும். நம் நாட்டில் சுரப்பி வீங்கி வருவதைத்தான் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள் என்றால் வேறு எப்படி இருக்கும்?

நுரையீரலில் இருந்து ரத்தத்தின் வழியாக வந்து கிருமி இங்கே குடியேறுகிறது. பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். இரண்டு சுரப்பியிலும் வெளிப்பகுதி பத்தில் ஒன்பது பங்கு அழிகிற வரைக்கும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவு உபரியாகக் கொடுத்து வைத்திருக்கிறது இயற்கை. அழிவு நடக்கிற காலத்தில் எடுத்தால் வீக்கம். ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்தால் சுருக்கம். அதற்கும் பிறகு எடுத்தால் வெறும் சுண்ணாம்புத் துகள். ஆகவே படத்தைப் பார்த்து நோயின் வயதையும் ஓரளவு கணிக்கலாம். மரத்தை வெட்டி வளையம் எண்ணுகிற மாதிரி என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு துல்லியம் இதில் இல்லை.

இதே படத்தை அச்சு அசலாகக் காட்டுகிற இன்னொரு திருடன் உண்டு. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை. வௌவால் எச்சமும் கோழி எச்சமும் கலந்த மண்ணில் வளர்வது. தூசியோடு மூச்சில் ஏறும். இந்தியாவில் முதன்முதலாக இது 1954-இல் கல்கத்தாவிலிருந்து பதிவானது. வெகுகாலம் கங்கைக் கரையின் நோய் என்றே நினைத்திருந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர்கள் இந்தப் பூஞ்சையால் வீங்கிய அட்ரினல்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்கும் இரண்டு பக்கமும் வீங்கும், ஓரம் ஒளிரும், நடு இருளும். சுரப்பி தன் கவட்டை வடிவத்தை விடாமல் பருத்திருந்தால், கூடவே கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தால் எனக்குப் பூஞ்சையின் மேல் சந்தேகம் கூடும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து வௌவால் அடைகிற பெரிய வீடுகளைத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ திறந்து கூட்டுகிறீர்கள். கூட்டுகிறவர் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளட்டும். இது பேச்சோடு பேச்சாகச் சொல்வது.

இரண்டையும் பிரித்தறிய ஊசிதான் வழி. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, சி.டி. படம் வழிகாட்ட, முதுகின் வழியாக மெல்லிய ஊசியைச் சுரப்பிக்குள் செலுத்திக் கொஞ்சம் எடுக்கிறோம். அதற்கு முன்னால் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டியில் ஊசி பட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி மேசையிலேயே ஆள் போய்விடலாம். எடுத்ததில் பாதி காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனைக்குப் போகும், பாதி பூஞ்சை தெரிகிற சாயம் ஏற்றுவதற்கு. பூஞ்சைக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தால் ஆறு மாதமும் வீண், பல நேரம் ஆளும் வீண். நம் விவசாயிக்கு வந்தது காசநோய்.

காசநோய் என்றதும் சென்னை சேத்துப்பட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1956-இல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுத்தாலும் வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் மருந்து ஒரே மாதிரி வேலை செய்கிறது என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வீட்டில் சாப்பிடுகிற அந்த மாத்திரைகளில் இன்றைக்கு முக்கியமானது ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அது. அதற்கு ஒரு குணம்: கல்லீரலை முடுக்கிவிட்டு உடம்பிலுள்ள கார்ட்டிசோலை வேகமாகக் கரைக்கும். அட்ரினல் பாதி செத்த நிலையில் அரையும் குறையுமாக ஓட்டிக்கொண்டிருப்பவர் இந்த மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் மயங்கி விழலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டியதில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனை முதலில் கொடுத்து, அளவையும் கூட்டிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மற்ற காரணங்களை வேகமாகத் தாண்டுகிறேன். சுரப்பிக்குள் ரத்தக்கசிவு. கடும் கிருமித் தொற்றில் வரும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும். ஹவுன்ஸ்பீல்டு பெயரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: தண்ணீர் சுழி, காற்று மைனஸ் 1000. புது ரத்தம் 50 முதல் 90 வரை காட்டும். மருந்து ஏற்றாத படத்திலேயே சுரப்பி வெள்ளையாக உப்பியிருந்தால் அது ரத்தம். நுரையீரல் புற்றுநோய் அட்ரினலுக்குப் பரவுவது சாதாரணம், ஆனால் இரண்டும் முழுக்க அழிந்து குறைபாடு வருவது அபூர்வம். சிறுவர்களுக்கு வரும் ஒரு மரபு நோயில் அட்ரினலைவிட மூளையின் எம்.ஆர்.ஐ.தான் கதையைச் சொல்லும். மூளையின் பின்பக்கத்து வெள்ளைப் பகுதி இரு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கைபோல மாறியிருக்கும். பள்ளியில் நன்றாகப் படித்த பையன் திடீரென்று பின்தங்கி, கூடவே கருத்துக்கொண்டும் வந்தால், வாத்தியார்மார்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அட்ரினல் நன்றாகவே இருந்து, மேலே இருக்கும் பிட்யூட்டரி படுத்துவிட்டாலும் இதே சோர்வு வரும். பிட்யூட்டரிக்குத் தமிழில் கபச்சுரப்பி என்று ஒரு பெயர். மூளையிலிருந்து சளியை மூக்குக்கு வடிக்கிற உறுப்பு என்று ஐரோப்பாவில் பழைய காலத்தில் நம்பினார்கள். லத்தீன் பெயருக்கே சளி என்று பொருள். நம்பிக்கை பொய்த்தது, பெயர் மட்டும் மொழிபெயர்ப்பாகி நம் பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது! இங்கே நோயாளி கருக்க மாட்டார், வெளிறுவார். கத்துகிறவனே இல்லையே. அட்ரினலை சி.டி.யில் பார்த்துப் பயனில்லை, தலையை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும்.

பிரசவத்தில் கட்டுமீறி ரத்தம் போனால், அந்த நேரத்தில் பருத்திருக்கும் பிட்யூட்டரி ரத்தமின்றிக் கருகும். இதை ஷீகன் என்பவர் 1937-இல் விவரித்தார். பிள்ளைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலில் மயங்கி விழுவார். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய எலும்புக் கிண்ணம் காலியாக, மூளைநீர் நிரம்பித் தெரியும். வீட்டுப் பிரசவம் குறைந்து இது குறைந்திருக்கிறது. இன்றைக்கு நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் தாய்மார்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது: "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தியாத்தா?"

பிட்யூட்டரியைக் கெடுக்கும் இன்னொன்று கண்ணாடி விரியன். இந்த ஊர்ப் பக்கத்து நகரத்தார் கொண்டுவிக்கப் போன பர்மாவிலிருந்துதான் இதைப் பற்றிய செய்தி வந்தது. விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலர், ஷீகன் நோய் கண்ட தாய்மார்களைப் போலவே வெளிறி, மீசை தாடி உதிர்ந்து, சோர்ந்துபோகிறார்கள் என்று 1987-இல் லான்செட் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். விஷம் ரத்த உறைவைக் குலைத்துப் பிட்யூட்டரிக்குள் கசிவையும் அடைப்பையும் உண்டாக்குகிறது. நம் வயல்களில் உள்ளதும் அதே விரியன் இனத்துக்கு மிக நெருங்கிய உறவு. இங்கும் இதே பாதிப்பு வருகிறது. கடிபட்டவர் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து முடித்துவிடுகிறோம். ஒரு வருஷம் கழித்து வருகிற அசதியை யாரும் பாம்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. என்னிடம் எம்.ஆர்.ஐ.க்கு வருகிற சீட்டில் "தலைவலி, சோர்வு" என்று மட்டும் எழுதியிருக்கும். மேசையில் படுக்கவைக்கும்போது கணுக்காலில் தழும்பைப் பார்த்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டது உண்டு.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய காரணம். இதற்குத் திரையில் காட்ட என்னிடம் படமே இல்லை.

முட்டுவலி, மூச்சிழுப்பு, தோல் அரிப்பு. கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சின்ன வெள்ளை மாத்திரை. "ஒரே மாத்திரைல நடந்துட்டேன்" என்று அப்பத்தாக்கள் சொல்லிச் சொல்லிப் பரப்புகிற மாத்திரை. பெயர் எழுதாத பொட்டலத்தில் வருகிற சூரணம். முகம் வெளுக்கப் பூசுகிற களிம்பு. இவற்றில் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. வெளியிலிருந்து மாதக்கணக்கில் கார்ட்டிசோல் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி கத்துவதை நிறுத்திவிடும், அட்ரினல் தூங்கிவிடும். முகம் வீங்கி ஆள் கொழுத்த மாதிரி தெரிவார். உள்ளே சுரப்பு கிடையாது. காசு இல்லாமலோ, யாரோ பயமுறுத்தியோ, ஒரு நாள் சட்டென்று நிறுத்துவார். மூன்றாம் நாள் வாந்தி, மயக்கம். சி.டி. எடுத்தால் அட்ரினல் கொஞ்சம் இளைத்திருக்கும், அல்லது அதுகூட இல்லாமல் சாதாரணமாகவே இருக்கும். "அட்ரினல் சுரப்பிகள் இயல்பு" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நான் எழுதியது பொய் இல்லை. படித்துவிட்டு, அப்படியானால் அட்ரினலில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டினால் அதுதான் பொய். இந்த நோயைப் பிடிப்பதற்குக் கருவி ஒன்றுதான் உண்டு: வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவைப் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டச் சொல்வது. டாக்டர் சொன்னதைத்தான் கொண்டுவருவார்கள். கடைக்காரர் கொடுத்ததையும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். அதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லி.

அந்த விவசாயியின் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. காசநோய் மாத்திரை முடித்தார். எடை ஏறியது, நிறம் தெளிந்தது. தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன், கூடவே உப்பைக் காக்க ஒரு மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த இளம் மருத்துவர் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்: இவருக்கு அட்ரினல் இல்லை, மயங்கி விழுந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம், மற்றதெல்லாம் பிறகு.

போன வருஷம் அவரே என்னிடம் வந்தார், விலாவில் வலி என்று. சி.டி.யில் சிறுநீரகத்தில் ஒரு சிறு கல். அதன் மேலே, இரு பக்கமும், கவட்டை இருந்த இடத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் கல்லைக் காட்டினேன். அவர் கண் கல்லின் மேல் இல்லை.

"கல்லு கெடக்கட்டும் சார். மேல இருந்தது திரும்ப வளந்துருச்சா?"

"இல்லைங்க. சுண்ணாம்பாப் போச்சு."

"அப்ப மாத்திரைய விட முடியாது."

"முடியாது."

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே அந்தத் துண்டுச்சீட்டு. மடிப்பில் கிழிந்து, வேர்வையில் மை பரவி, நூறு என்ற எண்ணில் ஒன்று மட்டும் தெரிந்தது.

"எழுத்து மங்கிப்போச்சு. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன்.